அடைப்புக்குறிக்குள் பதினான்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
அந்தப் பக்கம் நின்று கூரியர் பையன் போனில் கத்துகிறான்:
"இன்னாக்கா அட்ரஸ் இது,
பதினாலா, முப்பத்தொண்ணா?"
ரெண்டும்தான் தம்பி.
பதினாலு பழசு, முப்பத்தொண்ணு புதுசு.
கதவு ஒண்ணுதான்.
சரக்கு ரயில் போய் முடிகிறவரை
அவன் திட்டுவது எனக்குக் கேட்கவில்லை.

அட்டைப்பெட்டி, பஞ்சு, பஞ்சுக்குள் குப்பி.
ஆல்கஹாலில் கால் மடக்கிக் கிடக்கிறாள்
நூற்றுப்பத்து வருஷமாக ஒருத்தி.
சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.
பென்சிலில் எழுதிய சீட்டும் கூடவே ஊறுகிறது:
எண்ணூர். கழிமுகம். இலைக்கடியில். பெண்.
'ஆண் தெரியவில்லை' என்று
பிறகு வந்த பட்டியல்கள் எல்லாம்
சலிக்காமல் சொல்லிவந்தன.
அவளுக்கென்றே ஒரு பேரினம் உண்டாக்கி
அவளை மட்டும் அதில் குடிவைத்திருந்தார்கள்.

ஆண் இருந்தான்.
வேறொரு பேரினத்தில், வேறொரு பெயரில்,
'பெண் தெரியவில்லை' என்ற குறிப்போடு.

போன மாசியில்
நீலாவதி இறாலுக்குக் கைவிட்டுத் துழாவிய சேற்றில்
முழங்கால் புதைய நின்று
சாம்பல் படிந்த கண்டல் இலைகளைப் புரட்டினேன்.
"பூச்சிக்கா வந்த?
நான் சர்வே ஆளுன்னு இல்ல நெனச்சேன்"
என்று அவள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.
ஓரம் மடித்து நூலால் தைத்திருந்த ஓர் இலை.
பிரித்தால்
உள்ளே இருவர்.

ஒரே இலையில் இருந்தால் போதுமா?
கட்டுரையைத் திருப்பி அனுப்பிக் கேட்டார்
முகம் தெரியாத பரிசீலகர்.
நியாயம்தான்.
இந்த வீட்டுக் கீழ்ப்போர்ஷனில்
மூன்று குடும்பம், ஒரே மீட்டர்.
அவர்களை ஒரே இனமென்று எழுத
எந்தத் தாசில்தாரும் ஒப்பமாட்டார்.

ஊறுகாய் பாட்டிலில் அவள் முட்டையிட்டிருந்தாள்.
முப்பத்தெட்டு குஞ்சு.
முதலில் வாழைப்பழ ஈ,
கொஞ்சம் வளர்ந்ததும் கொசு.
கொசுவுக்கு இங்கே பஞ்சமில்லை.
கரண்ட் போன ராத்திரிகளில்
ஒன்றையொன்று தின்றது போக
ஐப்பசியில் ஒன்பது மிச்சம்.
ஐந்து அவள் மாதிரி.
நான்கு அவன் மாதிரி.

இன்று குப்பிக்காரியை லென்சுக்கடியில்
இலைக்காரியின் பக்கத்தில் வைத்தேன்.
அடிவயிற்றுப் பூட்டு இரண்டுக்கும் ஒன்றே:
இரண்டு சுருள், நடுவில் ஒரு சின்ன மேடு.
வீட்டுக்காரர் கோதண்டபாணி
மாடிப்படியில் நின்று மூக்கை உறிஞ்சுகிறார்.
ஆல்கஹால் வாசனை.
கேட்காமல் இறங்கிப் போகிறார்.

முந்தி வந்த பெயருக்குத்தான் பட்டா.
இனப்பெயரில் அவள் மூத்தவள்,
பேரினத்தில் அவன் பக்கம் மூத்தது.
ஆகவே தன் பெயரை அவள் வைத்துக்கொள்ளலாம்,
வீட்டைக் காலி செய்யவேண்டும்.
அவன் வீட்டோடு இருக்கலாம்,
பெயரை விடவேண்டும்.
ஒரு பேரினம் முழுதாகக் கலைகிறது.
எந்தச் சிலந்திக்கும்
ஒரு கால்கூட வலிக்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு:
இனம் வேறு பேரினத்துக்குக் குடிபோனால்
முதலில் பெயர் வைத்தவரை
அடைப்புக்குறிக்குள் போடவேண்டும்.
எந்த வெயிலில்
எந்த இலைக்கடியில் குனிந்தாரோ மனுஷன்.
போட்டேன்.
பழைய சீட்டை எடுக்கக்கூடாது.
புதியதை எழுதி உள்ளே விட்டேன்.
இரண்டும் மெல்லச் சுழன்று
அவள் காலருகே போய்ப் படிந்தன.

திருப்பி அனுப்ப அதே பையன்.
இந்தமுறை வழி கேட்கவில்லை.
"அனுப்புறவங்க அட்ரஸ்?"
முப்பத்தொன்று. அடைப்புக்குறிக்குள் பதினான்கு.
"உள்ள இன்னாக்கா?"
சிலந்தி.
"மதிப்பு எவ்ளோ போட?"
கேட் மணி அடிக்கிறது.
பதில் வருமுன்
ஐம்பது என்று அவனே எழுதிக்கொண்டு
ஓடுகிறான்.